ஆறு சென்டிமீட்டர்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் அண்ணன்தான் தூக்கி உட்கார வைத்தான். என் சக்கர நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். கார் இருக்கை ஐம்பத்து நான்கு. இறங்கும்போது இரண்டுக்கும் நடுவே பலகை போட்டுச் சறுக்கிவிடுவேன். ஏறத்தான் அந்த ஆறு சென்டிமீட்டர் விடமாட்டேன் என்கிறது. ஏறிவிட்டால் பிரச்சினையில்லை, பிரேக், ஆக்சிலேட்டர் எல்லாம் கைக்கு மாற்றியாகிவிட்டது, நானே ஓட்டுவேன். காலையில் வீட்டில் அண்ணன், மாலையில் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் யாராவது இரண்டு பேர். அரை மில்லிமீட்டர் பிசகாமல் லென்ஸ் தேய்க்கிறவளை மூட்டை மாதிரி ஏற்றுகிறார்கள். முப்பத்தாறு வயது எனக்கு.

காரைத் தாழ்த்திவிட வேண்டியதுதான்.

மார்ச் 7, சனி

ஒர்க்‌ஷாப். காரைத் தாழ்த்தித் தர முடியுமா என்று கேட்டது நான். மெக்கானிக் பதில் சொன்னது அண்ணனிடம்.

"ரேஸ் கார்தான் அப்படித் தாழ்வா இருக்கும். தங்கச்சிக்கு ரேஸ் ஆசையா சார்?"

அண்ணன் சிரித்தான். சிரித்தான்!

"எனக்குக் காது நல்லாவே கேக்கும். என்கிட்ட பேசுங்க" என்றேன். அந்த ஆள் அப்போதும் அண்ணன் முகத்தைப் பார்த்தே, "சக்கரத்துக்கு மேல இருக்கற ஸ்பிரிங்கை வெட்டிட்டா வண்டி இறங்கிடும் சார். ஒரு நாள் வேலை" என்கிறார்.

மார்ச் 9, திங்கள்

ஏறினேன். தனியாக. ஒரே சறுக்கு.

மார்ச் 10, செவ்வாய்

ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. பின் சீட்டில் அண்ணனும் அண்ணியும். ஒவ்வொரு பள்ளத்திலும் 'சர்ர்' என்று டயர் உரசுகிறது. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ரப்பர் கருகும் நாற்றம். அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினாள்.

"பழையபடியே மாத்திடு பாப்பா. நான்தான் தூக்கி விடறேன்ல, எனக்கென்ன வலிக்குதா?" என்றான் அண்ணன்.

உனக்கு வலிக்கவில்லை. எனக்கு?

மார்ச் 11, புதன்

மெக்கானிக்கிற்குப் போன் செய்தேன். "இறக்கினா உரசத்தாம்மா செய்யும். ஸ்டியரிங்கை முழுசா திருப்பாதீங்க. பின்னாடி ஆள் ஏத்தாதீங்க."

திருப்பக் கூடாது, ஆள் ஏற்றக் கூடாது. அப்புறம் அது என்ன கார்? அலமாரியில் வைத்துப் பார்க்கவா?

மார்ச் 14, சனி

டயர் விளிம்பில் சாக்பீஸ் பூசினேன். அண்ணனைப் பின்னால் உட்காரவைத்துத் தெருவை ஒரு சுற்று சுற்றினேன். திரும்பி வந்து நாற்காலியிலிருந்து குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகட்டின் உள்விளிம்பில் வெள்ளைக் கோடு. ஆனால் டயரின் உள்பக்கத்தில் இரண்டு விரல் இடம் சும்மா கிடக்கிறது! சக்கரம் ஏன் இவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது?

அண்ணனைக் கழற்றச் சொன்னேன். சக்கரத்துக்குப் பின்னால் கட்டைவிரல் தடிமனில் ஓர் உலோக வளையம். எனக்கு முன்னால் இந்தக் காரை வைத்திருந்தவன் சக்கரம் வெளியே துருத்தி நிற்க வேண்டுமென்று அழகுக்காக மாட்டியது போல. நான்கிலும் இருக்கிறது.

ஸ்பிரிங்கை வெட்டுவதற்குச் சக்கரத்தைக் கழற்றித்தானே ஆகவேண்டும்? கண்ணில் படாமலா இருந்திருக்கும்? பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டியிருக்கிறார் அந்த மகானுபாவர்! மாட்டிவிட்டு, எனக்கு உபதேசம் வேறு.

அண்ணன் வளையத்தைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தான்.

மார்ச் 16, திங்கள்

கடைக்கு லீவு போட்டுவிட்டு, அண்ணனோடு ஒர்க்‌ஷாப் போய் வளையத்தைப் பற்றிக் கேட்டேன். மெக்கானிக் வழக்கம்போல, "அது வந்து சார்..." என்று ஆரம்பித்தார்.

அண்ணன் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டான். "என்கிட்ட ஏன் சொல்றீங்க? வண்டி அவங்களோடது."

நான் எழுதிக்கொண்டு போன தாளைப் பார்த்துப் படித்தேன். வளையங்களை எடுக்கணும், அதற்கேற்ற போல்ட் போடணும். வெட்டின ஸ்பிரிங் வேண்டாம், இந்த வண்டியின் எடைக்குத் தகுந்த, கட்டையான, விறைப்பான ஸ்பிரிங் வேணும். நாலு சென்டிமீட்டர்தான் வண்டி இறங்கணும். மிச்சம் ரெண்டு, டிரைவர் சீட்டு.

"சீட்டையா?"

"ஆமா. எதுக்காக இறக்கச் சொல்றேன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா? எனக்கு இறங்க வேண்டியது சீட்டுதான்."

மெக்கானிக் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். எனக்கே நேற்றுக் குளிக்கும்போதுதான் இது உறைத்தது. அதை நான் ஏன் அவரிடம் சொல்ல வேண்டும்?

மார்ச் 21, சனி

வண்டி தயார். பின் சீட்டில் அண்ணன், அண்ணி, நடுவில் நசுங்கிக்கொண்டு மெக்கானிக். ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க, வலது பக்கம் முழுக்க ஒடித்தேன். வேகத்தடை மேல் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக ஏற்றினேன். மூன்று பேரும் குதித்தார்கள். சத்தமில்லை.

"இன்னொரு தடவை திருப்புங்க மேடம்" என்றார் பின்னாலிருந்து. காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்!

கடைசி வரை மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை. அண்ணனின் பைக் கிளம்பவில்லை, ஆபீஸில் இறக்கிவிடச் சொன்னான். ஏறி உட்கார்ந்து, நாற்காலியை மடித்து உள்ளே இழுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு ஹாரன் அடித்தேன். அவன் இன்னும் ஷூவைத் தேடிக்கொண்டிருந்தான்.