நம் வீட்டில் இல்லாத மாடு

திண்டிவனம்,
11.12.2001, செவ்வாய் இரவு.

பிரியா அக்காவுக்கு,

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இந்த இரண்டாவது தாளை யாருக்கும் காட்டாதே, உன்னோடு ஒரே அறையில் படுக்கும் பெண்களுக்கும் ஹாஸ்டல் சிஸ்டருக்கும்கூட. முதல் தாள் வழக்கம்போல அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது, இது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாமல் அதே உறைக்குள் வைத்து அனுப்புவது. செகந்திராபாத்தில் இப்போது குளிர் என்கிறார்கள், நீ இருமல் சளி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க மாதாவிடம் தினமும் கேட்கிறேன். நாங்களும் அப்படியே இருக்கிறோம் என்று முதல் தாளில் இருக்கும், அதை நம்பாதே. அரைப்பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லி அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். யாராவது வந்துவிட்டால் முடிக்க முடியாது, அதனால் கையெழுத்தை இப்போதே போட்டுவிடுகிறேன். உன் தங்கை வெனிலா.

அக்கா, மில்லில் வேலை கம்மி, வீட்டில் ஓய்வாக இருக்கிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார் அல்லவா, அது ஓய்வு இல்லை. அக்டோபர் கடைசியில் ரைஸ்மில்லில் பெல்ட் நழுவியபோது அதைத் தள்ளிவிடப் போய் அப்பாவின் வலது கை மாட்டிக்கொண்டது. மூன்று விரல்கள் போய்விட்டன, கட்டை விரலும் சுண்டு விரலும்தான் இருக்கின்றன. இந்தத் தடவை முதல் தாளின் கீழே இருக்கும் அப்பா கையெழுத்துகூட நான் போட்டதுதான். மேலே இருக்கும் கோணல் சிலுவை மட்டும் அப்பா இடது கையால் போட்டது. பிரியாவுக்குத் தெரிஞ்சா நர்ஸ் படிப்ப வுட்டுட்டு வந்து நிக்கும், கடைசி வருஷம், வாயத் தொறக்காதீங்க என்று அப்பா எங்கள் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் அதைத்தான் இப்போது மீறுகிறேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

புண் ஆறிவிட்டது, அதற்காக நீ அழாதே. ஆறாதது வேறு. அப்பா தூங்குவதே இல்லை. கண்ணை மூடினால் பெல்ட் ஓடுகிறது என்கிறார். பக்கத்து வீட்டு ஜெயம் அக்கா கிரைண்டர் போட்டால் சட்டைகூடப் போடாமல் எழுந்து தெருவுக்குப் போய்விடுகிறார், திரும்பி வரும்போது முதுகெல்லாம் வேர்வை. அது தெரிந்ததிலிருந்து ஜெயம் அக்கா அப்பா கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் மாவு ஆட்டுகிறாள். சவரி அண்ணன் பூசைக்குப் போனாத்தான் எங்க வூட்ல இட்லி, அதனால எங்க ஊட்டுக்காரரு தினம் பூசை வெக்கச் சொல்லி சாமியாருகிட்ட கேக்கப் போறாரு என்று சிரிக்கிறாள். அம்மாவும் சிரித்தாள், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றிய டாக்டரம்மா, இந்தப் பயமும் அந்த மெஷினால் வந்த காயம்தான், புதன்கிழமைதோறும் இங்கே இருக்கும் மனநல டாக்டரைப் பாருங்கள் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். அப்பா போகவில்லை. போனது வெரலு, தலைக்கு எதுக்கு வைத்தியம், சவரிநாதனுக்குப் பைத்தியம்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிவாங்க என்கிறார்.

இனிமேல் எழுதப் போவதுதான் எனக்குப் பயம். போன மாதம் மில் மேஸ்திரி முத்துசாமி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். உங்களால எழுத முடியாது, உங்க பொண்ணு எழுத்து நல்லா இருக்குமாமே என்று சொல்லி ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து என்னை எழுதச் சொன்னார். லீவு லெட்டர் என்று நினைத்து அடிக்கோடெல்லாம் போட்டு எழுதினேன். மாட்டுக்கு வைக்கோல் வெட்டும்போது வீட்டில் கை அறுந்துவிட்டது, மில்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனேன் அக்கா. பாதியில் நிறுத்தி, எங்ககிட்ட மாடு இல்லைங்களே என்றேன். அட இது சும்மா ஆபீஸுக்கு, மாடு இருந்தா இன்னா இல்லாங்காட்டி இன்னா, எழுது பாப்பா, அச்சடிச்ச மாதிரி இருக்குது என்றார். அப்படிச் சொன்னதும் எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால் இப்போது சோறு இறங்கவில்லை. அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கை ஆறட்டும், அப்புறம் கையெழுத்து வாங்கிக்கிறேன், வாட்ச்மேன் வேலை இருக்குது என்று முத்துசாமி தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அப்பா கையை பெல்ட்டிலிருந்து எடுத்தது மில் களத்தில் நெல் காயவைக்கும் குப்பம்மாள் அத்தைதான். அத்தையிடம் இதைச் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டது. போன வியாழக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டு அத்தையோடு பஸ் ஏறி விழுப்புரத்தில் தொழிலாளர் ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்த ஒரு அம்மா, வேலை செய்யும்போது கை போனால் முதலாளி நஷ்டஈடு கொடுத்தே ஆகவேண்டும், அது இரக்கப்பட்டுக் கொடுப்பது இல்லை, சட்டம் என்று பொறுமையாகச் சொன்னார். மனு கொடுக்க இரண்டு வருஷம் டைம் இருக்கிறதாம். ஆஸ்பத்திரிச் சீட்டில் மில்லில் அடிபட்டது என்று எழுதியிருந்தால் அதை உயிராகப் பார்த்துக்கொள், மாட்டுக் கதையில் உங்கப்பா கையெழுத்துப் போட்டுவிட்டால் அது பொய் என்று நீங்கள்தான் நிரூபிக்கவேண்டிவரும் என்றார். தூக்கம் வராததற்கும் டாக்டரைப் பார்த்து எழுதி வாங்கி மனுவோடு சேர்க்கச் சொன்னார். நான் வந்து சாட்சி சொல்றேன், வேலை போனா கூலிக்கு மல்லாட்டை பறிக்கப் போறேன் என்று அத்தை பஸ்ஸில் வரும்போது சொன்னது.

நாளைக் காலையில் எட்டு மணிக்கு முத்துசாமி மைப்பெட்டியோடு வருகிறார், இடது கைக் கட்டைவிரல் ரேகை போதுமாம். ஆஸ்பத்திரிச் சீட்டையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் அம்மா வீடு முழுக்கத் தேடினாள். சண்டை போட நமக்கு யாரு இருக்காங்க, குடுத்துட்டு வாட்ச்மேன் வேலையாவது பாக்கட்டும் என்கிறாள், அவளைத் தப்பு சொல்ல முடியவில்லை. மில்லில் அடிபட்டது என்று எழுதியிருக்கும் அந்தச் சீட்டு என் அட்லஸின் பழுப்பு அட்டைக்குள் இருக்கிறது. எங்க வெச்சேன்னு தெரியலியே என்று அப்பா சொன்னபோது ஒரு நிமிஷம் என் புத்தகப்பையைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தெரிந்துதான் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நாளை என்பது முடிந்து போயிருக்கும். அப்பா ரேகை வைத்திருந்தால் அந்தத் தாளை எழுதியது நான்தான் என்று என்னிடமிருந்தே நீ தெரிந்துகொள்ளவேண்டும். படிப்பை விட்டுவிட்டு வராதே, அப்பாவுக்கு அதுதான் தாங்காது. ஆனால் நர்ஸ் மாதிரி ஒரு கடிதம் எழுது, பயத்துக்கு வைத்தியம் பார்ப்பது வெட்கமில்லை என்று. நீ சொன்னால் கேட்பார். எனக்குத் தனியாக எழுதினால் குப்பம்மாள் அத்தை விலாசத்துக்குப் போடு. வெறும் வயிற்றில் டூட்டிக்குப் போகாதே, அப்புறம்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. வெளியே நின்றுகொண்டே பேசுகிறார். அட்லஸ பத்தரமா எடுத்து வெய்யி பாப்பா, மொத பஸ்ஸுல நானும் அம்மாவும் பாண்டி போறோம், புதன்கிழமதான நாளைக்கு, முத்துசாமி வந்தா இந்த வூட்ல மாடும் இல்ல, ஆளும் இல்லன்னு ஜெயத்த சொல்லச் சொல்லு என்கிறார், அக்கா நான் கதவை