நண்பகலில் திறந்த நோன்பு

வாப்பா,

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பூனை எண்ணெய்க் குப்பியைத் தட்டிவிட்டது. அடுப்படித் தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவினேன். அடுப்பில் நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கஞ்சி வாசனையும் பினாயில் வாசனையும் ஒரே மூச்சில் உள்ளே போனதும், கையில் ஈரத்துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்த இரண்டும் சேர்ந்து மணக்கும் இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். இராமநாதபுரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய அந்த ஆஸ்பத்திரி. அதன் பின்வார்டு. மருந்து இனிக் கேட்காது என்று ஆனவர்களை, வலி தெரியாமல் இருக்கட்டும் என்று வைத்திருந்த இடம். அங்கேதான் என் நிக்காஹ் நடந்தது.

கல்யாணத்தை ஆஸ்பத்திரியில் வைப்பதா என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. வேறு வழியும் இல்லை. உங்கள் தொண்டைக் கட்டி வளர்ந்து முகத்தின் இடப்பக்கமெல்லாம் வீங்கியிருந்தது. நம் ஊர் பெரியபட்டினம் வரை வண்டியில் கொண்டுபோனால் உயிர் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் துணிக்கடை உத்தியோகம். லீவு முடியப்போகிறது. உம்மா துணிந்து நாள் குறித்துவிட்டார்.

நீங்கள் மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "மாப்பிள்ளைய நான் பாக்கணும். பாத்துட்டுச் சொல்றேன்" என்றீர்கள். அதுவும் நல்ல நினைவோடு சொன்னதா, மருந்து மயக்கத்தில் சொன்னதா என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஏனென்றால் அதற்கு மறுநாள் என்னைப் பார்த்து, "தோணிக்குத் தண்ணி ஏத்தியாச்சா?" என்று கேட்டீர்கள். தோணியை விற்று வருஷங்கள் ஆகியிருந்தன.

உங்கள் பேச்சில் எது நிஜம், எது விளையாட்டு என்று நல்ல உடம்போடு இருந்த காலத்திலேயே யாருக்குத் தெரிந்தது? பிறைக்கு இன்னும் ஒரு நாளாவது இருக்கும்போதே, இருபத்தெட்டாம் நோன்பன்று கடலிலிருந்து வந்து, "பிறை கண்டுட்டேன், நாளைக்குப் பெருநாள், கறிக்குச் சொல்லிவிடு" என்று உம்மாவிடம் சொல்வீர்கள். உம்மா பாதி நம்பி, பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வருவார். அப்புறம்தான் உங்கள் இடக்கண் மூடியிருப்பது தெரியும். கடல் வெயிலுக்கு இடக்கண்ணை இடுக்கிப் பழகியவர் நீங்கள். பொய் சொல்லும்போதும் அதே கண்தான் மூடும். "ஒங்க வாப்பாவுக்குச் சத்தியத்துக்கு ஒரு கண்ணு, குசும்புக்கு ஒரு கண்ணு" என்பார் உம்மா.

நிக்காஹ் அன்று எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. மாப்பிள்ளையை நான் பார்த்ததுகூட இல்லை. அவர் எப்படி இருப்பாரோ என்ற கவலை எனக்கு வரவே இல்லை. "மகளைக் கொடுத்தேன்" என்று சொல்லும் வாய் உங்கள் வாயாக இருக்க வேண்டும். அது போதும் என்று இருந்தது. உங்களுக்கு நினைவு சரியில்லை என்று ஆகிவிட்டால் கொடுக்கும் பொறுப்பு பெரியவாப்பாவுக்குப் போய்விடும். எனக்கு அண்ணன் தம்பி கிடையாதே. உங்கள் அண்ணனோ கீழக்கரையில் வேறு ஓர் இடத்தை மனதில் வைத்துக்கொண்டு, இந்தச் சம்பந்தத்தை எப்போது தட்டிவிடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் வீடுகளில் நிக்காஹ் பந்தலில் நடக்கும். பெண் உள்வீட்டில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். சத்தம் மட்டும்தான் அவளுக்கு. என் கதை வேறு. வார்டில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைத் துணி மறைப்பை நிறுத்தி, அதற்குப் பின்னால் ஒரு முக்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். துணியில் ஒரு கிழிசல். நம் வம்சத்தில் தன் நிக்காஹைத் தன் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஆலிம்சா ஓதி முடித்து உங்கள் பக்கம் குனிந்தார். மாப்பிள்ளையின் கையை உங்கள் கையில் வைத்து, "மகளைக் குடுத்தேன்னு சொல்லுங்க" என்றார். நீங்கள் கையை உருவிக்கொண்டீர்கள்.

"பாங்கு சொல்லியாச்சா?"

ஆலிம்சா நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"நோன்பு வச்சுக்கிட்டு என்ன நிக்காஹ்? பட்டினி வயித்தோட என் புள்ளைய வாங்க வந்திருக்கீகளா? மொதல்ல நோன்பத் தெறங்க."

வெளியே உச்சிவெயில்; நோன்பு திறக்கச் சொல்லும் அந்திப் பாங்குக்கு நேரமே ஆகவில்லை. நோன்புப் பெருநாள் கழிந்து மாதங்கள் ஆகியிருந்தன. உம்மா என் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்.

பெரியவாப்பா காத்திருந்ததுபோல எழுந்தார். "தம்பிக்கு நெனவு தப்பிருச்சு ஆலிம்சா. இனிமே பொறுப்பு எனக்கு. இன்னைக்கி வேணாம். பெறகு பாத்துக்குவோம்." ஆலிம்சா தாடியைத் தடவிக்கொண்டு, "இருங்க, இன்னொரு தரம் கேட்டுப் பாப்போம்" என்றார். கேட்டார். "பாங்கு சொல்லலியே" என்றீர்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது, வாப்பா. சாகப்போகிறவர் மேல் யாராவது கோபப்படுவார்களா? எனக்கு வந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளை எழுந்தார். வாசலில் நின்ற சிஸ்டரிடம் போய், "சிஸ்டர், எல்லாருக்கும் கொஞ்சம் கஞ்சி கெடைக்குமா?" என்று கேட்டார். அந்தச் சிஸ்டர் பாம்பன் மீன்காரர் வீட்டுப் பெண். ஒன்றும் புரியாமல், "நோயாளிக் கஞ்சிதான் இருக்கு, உப்புக்கூட போடலியே" என்றார். "பரவாயில்ல, குடுங்க."

நீல விளிம்பு போட்ட எனாமல் கோப்பைகளில் கஞ்சி வந்தது. பட்டுக் கைலியும் தொப்பியும் அத்தருமாக வந்த கல்யாணக் கூட்டம் ஆளுக்கொரு ஆஸ்பத்திரிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து, "மாமா, பாங்கு சொல்லியாச்சு. நோன்பத் தெறப்போம்" என்று சொல்லி, ஒரு கரண்டிக் கஞ்சியால் உங்கள் உதட்டை நனைத்தார். பிறகுதான் தான் குடித்தார். ஆலிம்சாவும் குடித்தார். பெரியவாப்பா மட்டும் கோப்பையை வெறுமனே வைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் அவரைப் பார்த்து, "அண்ணே, நீங்க?" என்றீர்கள். மனிதர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்து வைத்தார்.

கிழிசல் வழியாக உங்கள் முகத்தைப் பார்த்தேன். இடக்கண் மூடியிருந்தது.

அதைத்தான் இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வீக்கத்தால் அந்தக் கண் பல நாளாகவே பாதிதான் திறந்திருந்தது. அன்று மூடியது வீக்கமா, குசும்பா?

அதற்குப் பிறகு நீங்களாகவே மாப்பிள்ளையின் கையைப் பிடித்தீர்கள். மாதக்கணக்கில் கரகரத்துக் கிடந்த குரல் அந்த ஒரு நேரத்துக்கு நிமிர்ந்தது. "என் மக ஜெய்னம்புவ, பேசுன மஹர் பணத்துக்கு, ஒங்களுக்கு நிக்காஹ் செஞ்சு குடுத்தேன்." அவர் "ஏத்துக்கிட்டேன்" என்றார். ஆலிம்சா திருப்திக்காக என் முழுப்பெயரையும் மாப்பிள்ளையின் தகப்பன் பெயரையும் கேட்டார். பிசகாமல் சொன்னீர்கள். பெரியவாப்பா பழையபடி உட்கார்ந்தார்.

அந்த வாரமே நீங்கள் மவுத்தாகி, எங்களை விட்டுப் போய்விட்டீர்கள்.

"அவுக நெனப்பு நோன்புலதான் இருந்துச்சு. அல்லா நாக்க மட்டும் நேராக்கி விட்டான்" என்று உம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் மருமகன் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். "மாமா என்னைய எட போட்டுப் பாத்தாக. பாத்துட்டுச் சொல்றேன்னு சொன்னாகல்ல? பாத்தாக, சொன்னாக" என்பார். இவர் சொல்லும்போது அதுதான் சரி என்று தோன்றும். உம்மா சொன்னதை நினைத்தால் அதுவும் சரியாகத்தான் படும். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோய், இலங்கைக்குப் போகும் கப்பலும் நின்ற பிறகு இவர் கொழும்பை விட்டுவிட்டு ஊரிலேயே சின்னதாக ஒரு கடை போட்டிருக்கிறார். தினமும் கண்முன்னால் இருக்கிறார். நல்ல மனிதர். ஆனாலும் சில நாள் இவர் முகத்தைப் பார்க்கும்போது குழப்பம் வந்துவிடும். என் வாப்பா தெரிந்துதான் என்னை இவரிடம் கொடுத்தாரா? இல்லை, ஏதோ ஒரு பழைய நோன்பு நாளில், வேறு எங்கோ இருந்துகொண்டு கொடுத்தாரா? தெரியாமல் கொடுத்த பெண் கொடுத்த பெண் ஆவாளா? இதை யாரிடம் கேட்பது? ஆலிம்சாவிடம் கேட்டால் சிரிப்பார்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. எல்லாரும் கற்கண்டு வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போன பிறகு நான் மறைப்பை விட்டு உங்களிடம் வந்தேன். அழுத முகம். நீங்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள்.

"நீ தெறந்தியாமா?"

"இல்ல வாப்பா."

"புள்ளைக்கு யாரும் குடுக்கலியா?" என்று கேட்டுவிட்டு, தலைமாட்டில் உங்கள் உதடு நனைத்த மிச்சம் இருந்த கோப்பையைக் கையால் தேடினீர்கள். எடுக்க முடியவில்லை. நானே எடுத்துக் குடித்தேன்.

வாப்பா, நான் அன்று காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கல்யாணப் பரபரப்பில் உம்மாவுக்கே அது நினைவில்லை. அத்தனை பேருக்கும் கோப்பை வந்தபோது மறைப்புக்குப் பின்னால் ஒருத்தி இருக்கிறாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. நீங்கள் கேட்டீர்கள். அன்று என்ன கிழமை, என்ன மாதம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்பது இன்னும் எனக்குத் தெரியாது. அந்த வார்டில் ஒரே ஒருத்தி நிஜமாகவே பட்டினி கிடந்தாள். அது உங்களுக்குத் தெரிந்திருந்தது.

இதோ பாங்கு சொல்கிறார்கள். சிஸ்டரிடம் கேட்டு வாங்கி வந்த அந்தக் கோப்பையில் கஞ்சி ஊற்றி வைத்திருக்கிறேன். முன்கட்டிலிருந்து இவர் சத்தம் கொடுக்கிறார், "ஜெய்னம்பு, நீ தெறந்தியா?" அன்று இவர் வராந்தாவில்தான் நின்றார். நீங்கள் கேட்டது காதில் விழுந்ததோ என்னவோ, நான் விசாரித்ததில்லை. நோன்பு தவறாமல் கேட்கிறார். நான் பதில் சொல்லும்வரை தன் கோப்பையைத் தொடுவதில்லை.