டம்ளரின் நிழல்

ஜன்னலோர மகாராஜாவுக்கு,

வீட்டம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்து, உங்களைப் பெற்ற பெருமையைத் தெருவெல்லாம் அளக்கிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

வேலைக்குப் போன ஊரில் பிடித்த புது அறையின் போட்டோ அனுப்பினீர்களே, பெரிய ஜன்னல், வெளியே மரம், மேஜை மேல் டீ டம்ளர். இவ்வளவு வசதி இருந்தும் என்னை ஏன் கூப்பிடவில்லை என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். கேட்டால், "பாக்கலாம், பாக்கலாம்" என்று இழுத்தடித்தீர்கள். மனது என்னென்னவோ நினைத்தது. ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.

ஆபீசில் நாங்கள் செய்யும் கம்ப்யூட்டர் புரோகிராம் உங்களுக்குத் தெரியும். சாதாரண போட்டோ ஒன்றைக் கொடுத்தால், அறையில் எது மரப்பலகை, எது துணி, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்லும். புருஷன் அறையின் பெருமையைக் காட்டலாமே என்று எல்லோர் முன்னாலும் உங்கள் போட்டோவைப் போட்டேன். அது ஜன்னலைக் காகிதம் என்றது! வெளிச்சம் எதிர்ச் சுவர் ட்யூப்லைட்டிலிருந்து வருகிறதாம். மேலதிகாரி, "முதல்ல இந்தத் தப்பைச் சரி பண்ணும்மா" என்றார். நானும் மானம் போகிறதே என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். தப்பே கிடைக்கவில்லை.

கடைசியில் டம்ளரைப் பார்த்தேன். அதன் நிழல் ஜன்னல் பக்கமாகவே விழுந்திருக்கிறது. பகலில் ஜன்னலோரம் வைத்த டம்ளருக்கு அப்படியா நிழல் விழும்? அடப்பாவி மனுஷா, வெறும் சுவரில் ஜன்னல் படத்தை வாங்கி ஒட்டி வைத்திருக்கிறீர்கள்! ஆபீஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

அத்தையிடம் சொன்னேன். போட்டோவைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். அப்புறம், "நான் என் தங்கச்சி வீட்டுல இருந்துக்கறேன். நீ கிளம்பு முதல்ல" என்றார். ஆபீசிலும் கேட்டுவிட்டேன், அங்கிருந்தே வேலை பார்க்கலாமாம். டிக்கெட் எடுத்தாயிற்று.

வேறு அறை தேடுகிறேன் என்று அலையாதீர்கள். கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து படுத்தால் போதும். கஷ்டத்தை மறைத்து என்னைச் சந்தோஷப்படுத்த வேண்டாம், அதிலும் எனக்குப் பாதி கொடுங்கள். நான் வந்து சேரும்வரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபம் இன்னும் முழுசாகத் தீராத,
உங்கள் வீட்டம்மா