பூட்டிக் கிடக்கும் ஹில்டா நகரைத் திறந்து காட்டக் கோருதல்

அனுப்புநர்
சா. அருள்தாஸ்,
வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு,
முகப்பேர் கிழக்கு, சென்னை - 37.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருவள்ளூர் மாவட்டம், திருவள்ளூர்.

பொருள்: கணினி விளையாட்டு – முறையாக விலை கொடுத்து வாங்கியது – மூன்று முறைக்கு மேல் கணினியில் ஏற்ற முடியாதபடி நிறுவனம் பூட்டி வைத்திருப்பது – காலமான மகள் அதில் கட்டிய ஊரை அவள் தாய்க்குக் காட்ட உதவி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டும் டர்னராக வேலை செய்கிறேன். விளையாட்டுச் சாமானுக்கெல்லாம் கலெக்டருக்கு மனுவா என்று இந்த உறையைப் பிரிக்கும் எழுத்தருக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துவிட்டு, தயவுசெய்து மேலே அனுப்பிவைக்கட்டும். என் மனைவி ஹில்டாவுக்குச் சர்க்கரை வியாதியால் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. முழுவதும் போவதற்குள் அவள் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். அதற்காகவே இந்த மனு.

1. எங்கள் ஒரே மகள் ஜெயசீலிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது. டயாலிசிஸ் செய்துகொண்ட நாள் போக மற்ற நாளெல்லாம் படுக்கைதான். பொழுதுபோக்குக்காக ஒரு பழைய கம்ப்யூட்டரும், அவள் கேட்ட ஒரு விளையாட்டும் வாங்கிக் கொடுத்தேன். சுடுவதும் துரத்துவதும் அதில் இல்லை. வெறும் நிலம் ஒன்று கொடுப்பார்கள். ரோடு, மின்சாரம், குடிநீர், பள்ளிக்கூடம் எல்லாம் நாமே போட வேண்டும். ஒழுங்காகப் போட்டால் சனங்கள் வந்து குடியேறுவார்கள், இல்லையென்றால் காலி செய்துகொண்டு போய்விடுவார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அவள் அந்த ஊரைக் கட்டினாள். எங்கள் குடியிருப்பில் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த அதே கோடையில் அவள் ஊரில் எல்லாத் தெருவுக்கும் குழாய் வந்துவிட்டது.

2. ஊரைக் காட்டச் சொல்லி அவள் அம்மா பலமுறை கேட்டாள். மகள் திரையை அணைத்துவிடுவாள். எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் புது வீடு கட்டி முடிந்ததும் போதகரை அழைத்துப் பிரதிஷ்டை ஜெபம் செய்வோம், அதன் பிறகுதான் நாலு பேருக்குக் காட்டுவோம். “கட்டி முடிக்காத ஊட்டை யாராவது காட்டுவாங்களாம்மா? கிறிஸ்துமசுக்குப் பிரதிஷ்டை வெச்சிக்கலாம், மொத ஆளா நீதான் பாக்குற” என்பாள். சென்ற நவம்பரில் ஊர் முடிந்துவிட்டது. ஊருக்கு ‘ஹில்டா நகர்’ என்று பெயர் வைத்திருப்பதாக என்னிடம் மட்டும் சொன்னாள். அடுத்த வாரமே மூச்சுத்திணறல் வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். 9.12.1998 அன்று காலமானாள். ஊரின் பெயரை என் மனைவியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவளே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறேன்.

3. இனி பூட்டைப் பற்றி. இந்த விளையாட்டுச் சிடியோடு உள்ளங்கை அளவில் சதுரமாக ஒரு பிளாப்பியும் தருகிறார்கள். அதுதான் சாவி. அது இருந்தால்தான் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியும், அதுவும் மூன்றே முறை. ஏற்றிவிட்டால் அதன் பிறகு எத்தனை நாள் வேண்டுமானாலும் ஆடலாம். இந்த விவரம் பெட்டிக்கு வெளியே எங்கும் இல்லை. உள்ளே இருக்கும் ஆங்கிலப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல் அச்சடித்திருக்கிறார்கள். அம்பத்தூரில் விற்ற கடைக்காரர், பல்பை எரியவிட்டுக் காட்டித் தருவதுபோல், தன் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஓட்டிக் காட்டினார். அதில் ஒன்று போயிற்று. எங்கள் வீட்டில் ஏற்றியது இரண்டாவது. நான் சைக்கிள் வாங்கியிருக்கிறேன், மிக்சி வாங்கியிருக்கிறேன். மூன்று தடவைதான் ஏறலாம், மூன்று தடவைதான் அரைக்கலாம் என்று எவரும் சொன்னதில்லை.

4. மருத்துவமனைக்குக் கிளம்பும்போது மகள் அந்தப் பிளாப்பியை அம்மாவிடம் கொடுத்து, “இதான் சாவி, பத்திரம்” என்றாள். எங்கள் வீட்டில் எதையாவது பத்திரமாக வைக்க வேண்டும் என்றால் ஜெப எண்ணெய் தொட்டு வைப்பது வழக்கம். மகளின் மாத்திரை டப்பா, ஆஸ்பத்திரி பைல், தலையணை எல்லாவற்றுக்கும் தொட்டிருக்கிறோம். என் மனைவி பிளாப்பியின் தகடு நகர்வதைப் பார்த்து, அதைத் திறந்து, உள்ளே தெரிந்த கறுப்புத் தட்டின் மேல் எண்ணெயால் சிலுவை போட்டு ஜெபித்து, பீரோவில் வைத்துப் பூட்டினாள். மகளுக்காகச் செய்தாள், ஐயா. வேறு என்ன சொல்வது?

5. மகள் போன துக்கத்தில் கம்ப்யூட்டர் பக்கமே நாங்கள் போகவில்லை. ஜனவரியில் மின்சாரம் தாறுமாறாக ஏறி இறங்கியதில் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் எரிந்து, அதில் ஏற்றியிருந்த விளையாட்டும் போயிற்று. அதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. மகள் கெட்டிக்காரி. தன் ஊரைத் தனியாக வேறொரு பிளாப்பியில் எழுதி வைத்திருந்தாள், அது நல்லபடியாக இருக்கிறது. விளையாட்டை மறுபடி ஏற்றினால் ஊர் வந்துவிடும், இன்னும் ஒரு தடவை பாக்கி இருக்கிறது என்ற தைரியத்தில் பழுது பார்க்கும் கோவிந்தராஜ் என்பவரை அழைத்து வந்தேன். அவர் சாவிப் பிளாப்பியைத் திறந்து, விரலால் தொட்டுப் பார்த்து, “இன்னா நைனா, எண்ணெ பிசுக்கா கீது! இது அவ்ளோதான், படிக்காது” என்றார். என் மனைவி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் எதற்கும் எண்ணெய் தொடுவதில்லை. ஜெபத்துக்கு உட்கார்ந்தாலும் வாய் திறப்பதில்லை. மகள் கொடுத்த சாவியை நானே கெடுத்தேன் என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

6. விற்பனை செய்த நிறுவனத்துக்குப் பெட்டி, ரசீது, பிளாப்பி, மகளின் இறப்புச் சான்றிதழ் நகல் எல்லாம் அனுப்பினேன். திரவம் பட்டுச் சேதமானதற்குத் தாங்கள் பொறுப்பல்ல, மாற்றுச் சாவி தரும் வழக்கமில்லை என்று பதில் வந்தது. இன்னொன்று விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அந்த விளையாட்டை நிறுத்திவிட்டார்களாம். இப்போது வரும் புதியதில் பழைய ஊர் திறக்காதாம். அவர்களுடைய சென்னை அலுவலகத்துக்கு நேரில் போனேன். அங்கிருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். “நீங்க திருடன்னு நாங்க சொல்லலை சார். திருடனுக்குப் போட்ட பூட்டு, அதுல ஆள் பாத்து விடமுடியாது” என்றார். திருடன் எவனும் இந்தப் பூட்டில் மாட்டியதாகத் தெரியவில்லை. மாட்டியிருப்பது நாங்கள்தான்.

7. அதற்கு அத்தாட்சி எங்கள் எதிர் வீட்டிலேயே இருக்கிறது. எதிர் வீட்டு தாட்சாயிணி அம்மாளின் தம்பி, இதே விளையாட்டின் திருட்டு சிடியைத் தெருவோரக் கடையில் வாங்கி வைத்திருக்கிறார். அதற்குச் சாவியும் இல்லை, கணக்கும் இல்லை. எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் ஏறுகிறது. விஷயம் கேள்விப்பட்டு அந்த அம்மாள் சிடியை எடுத்துக்கொண்டு வந்து, “இன்னாக்கா இதுக்குப் போய் அழுதுகினு கீற, போட்டுப் பாத்துட்டுக் குடு” என்று நல்ல மனதோடு நீட்டினார். என் மனைவி வாங்க மறுத்துவிட்டாள். காரணம் உண்டு. மகள் ஞாயிறு பள்ளியில் சிறுவர்களுக்குப் பாடம் எடுத்தவள். திருட்டு சிடி எளிதாகக் கிடைத்தும் வேண்டாம் என்று, அசல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கினாள். “எண்ணெ ஊத்திக் கெடுத்தது போதும், திருட்டு சாவி வேற போட்டு அவ ஊருக்குள்ள நான் போகமாட்டேன்” என்கிறாள் என் மனைவி. எனக்கு அவள் மேல் கோபம்தான் வருகிறது. ஆனால் அவள் சொல்வது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

8. கண் மருத்துவர் வலது கண்ணைக் கைவிட்டுவிட்டார். இடது கண்ணில் இப்போதைக்குப் பெரிய எழுத்து தெரிகிறது. இந்த வருடக் கடைசி வரை தாங்குமா என்று கேட்டேன். அவர் அடுத்தவரை உள்ளே அனுப்பச் சொன்னார்.

ஆகவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது:

அந்த நிறுவனத்தை அழைத்து விசாரித்து, ஒரே ஒரு முறை ஏற்றுவதற்கு மாற்றுச் சாவி தரும்படி உத்தரவிட வேண்டும். இனி விற்பவற்றின் பெட்டி மேலாவது இந்தக் கட்டுப்பாட்டைப் பெரிய எழுத்தில், தமிழிலும் போடச் செய்ய வேண்டும்.

அது தங்கள் அதிகாரத்தில் இல்லை என்றால், வேறொன்று கேட்கிறேன். இதுவரை யாரும் தங்களிடம் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். எதிர் வீட்டுத் திருட்டு சிடியை என் வீட்டில் ஒரு நாள் மட்டும் உபயோகிக்க, தங்கள் கையெழுத்தும் அலுவலக முத்திரையும் வைத்து ஓர் அனுமதிக் கடிதம் தர வேண்டும். அரசாங்கமே அனுமதித்தது என்றால் என் மனைவி ஒப்புக்கொள்வாள். பார்த்து முடித்ததும் சிடியையும் கம்ப்யூட்டரையும் தங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுகிறேன். சட்டப்படி வழக்குப் போட வேண்டியிருந்தால் என் பேரில் மட்டும் போடவும். அவளை அந்தத் தெருக்களில் ஒரு தடவை நடத்திக் கூட்டிப்போய்விட்டு, நானே வந்து ஆஜராகிறேன்.

இடம்: முகப்பேர்
நாள்: 14.6.1999

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) சா. அருள்தாஸ்