மூடிக்கு அடியில் ஆள் இருக்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, என் மேல் உள்ள கோபம் கொஞ்சமாவது தணிந்து இருப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். போனில் நான் ஆரம்பித்தால் நீ கத்துகிறாய், நீ கத்தினால் நானும் கத்துகிறேன், உன் தங்கச்சி போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறாள். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் இது. ஏம்மா என் மானத்தை வாங்கறே, கப்பல் கட்டற யார்டுல உன்னை மாதிரி எத்தனையோ வெல்டர் இருக்காங்க, உனக்கு மட்டும் என்ன வந்துச்சு என்று கேட்டாய். என்ன வந்தது என்று சொல்கிறேன், கடைசிவரை படி.

போன லீவில் சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டு உன் கப்பலை எனக்குக் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா. அவ பத்தவைக்கிற கப்பலை அவளுக்கே காட்டறான் பாரு என்று அப்பா சிரித்தார். முன்னால் பீரங்கி, அதன் பின்னால் தளத்துக்குள் புதைத்து வைத்த, நேரே மேலே கிளம்பி விமானத்தை அடிக்கிற ஏவுகணைகள், நடுவில் எதிரிக் கப்பலை அடிக்கிற பெரிய ஏவுகணைகளின் குழாய்கள், இரண்டு பக்கமும் நீர்மூழ்கியை அடிக்க டார்பிடோ, பின்னால் ஹெலிகாப்டர் இறங்க இடம். கார்வெட்னா சின்னக் கப்பல்தாம்மா, ஆனா பெரிய கப்பல் செய்யறதை எல்லாம் செய்யும் என்றாய். பக்கச் சுவர் சாய்வாக இருப்பதால் ரேடார் அலை பட்டு வேறு பக்கம் சிதறிவிடும், எதிரியின் திரையில் மீன்படகு மாதிரிதான் தெரியும் என்றாய். எனக்கும் பெருமைதான். அந்தச் சாய்வு சூட்டில் கோணாமல் பற்றவைத்து முடிப்பதற்குள் எங்கள் இடுப்பு ஒடிந்துவிட்டது. ஆனால் ஒன்றை மட்டும் நீ தட்டில் வரையவில்லை. மாலுமிகள் எங்கே தூங்குவார்கள்?

நான் சொல்கிறேன். அந்தப் பெரிய குழாய்களுக்கு நேர் கீழே, தண்ணீர் மட்டத்துக்கும் கீழே, அடுக்கடுக்காகப் படுக்கைகள். நீ படுக்கப்போகிற இடம். அந்த அறைக்கு இரண்டு வழி. ஒன்று இஞ்சின் அறையை ஒட்டிப் போகிற ஏணி, இன்னொன்று கூரையில் இருக்கிற வட்ட மூடி. மூடியைத் திறந்து ஏறினால் நேராக மேல்தளம். இஞ்சின் அறையில் தீப்பிடித்தால் மூடியை விட்டால் கதி இல்லை. கப்பல் முக்கால்வாசி எழும்பின பிறகு, இருக்கிற ஏவுகணை போதாது, இன்னும் ஒரு ஜோடி வேண்டும் என்று மேலே முடிவு செய்தார்கள். சின்னக் கப்பலில் இடத்துக்கு எங்கே போவது? புதுக் குழாய்களின் பீடம் வரைபடத்தில் சரியாக அந்த மூடியின் மேல் வந்து உட்கார்ந்தது. மூடியைப் பற்றவைத்து அடைத்துவிடு என்று எனக்கு உத்தரவு. டிசைன் அதிகாரிக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதே, எல்லாம் தெரியும். சண்டைன்னு வந்தா ஏவுகணைதாம்மா காப்பாத்தும், ஓட்டையா காப்பாத்தப் போவுது என்று என்னிடமே சொன்னார். பீடத்தைக் கொஞ்சம் பின்னால தள்ளுங்களேன் சார் என்று பைப் பிட்டர் அக்கா கேட்டாள். தள்ளினால் அதிகாரிகளின் சாப்பாட்டு அறை பாதியாகிவிடுமாம். கூச்சமே இல்லாமல் சொன்னார். அவர்கள் அறைகளுக்கு இரண்டு வழியும் அப்படியே இருக்கின்றன என்பதையும் தெரிந்துகொள்.

எங்கள் யார்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த அறையை அடைப்பதற்கு முன்னும் சுத்தியலால் தகட்டைத் தட்டி, உள்ளே ஆள் இருக்கா என்று கேட்க வேண்டும். இருக்கு என்று பதில் வந்தால் அங்கே யாரும் பற்றவைக்க மாட்டோம், கடவுளே வந்து சொன்னாலும் சரி. எங்கள் போர்மேனை உனக்குத் தெரியும், பொய் சொல்வதற்கு முன் இருமுவாரே, இருமல் என்று பேர் வைத்திருக்கிறோமே, மூடியை அடைக்க நான் மாட்டேன் என்றதும் அவர் வேறு வெல்டரைக் கூட்டிக்கொண்டு வந்து அவரே தட்டினார். நான் கீழே உன் படுக்கைச் சட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். இருக்கேன் என்றேன். விளையாடாதம்மா, வெளிய வா என்றார். விளையாடல அண்ணே, கேட்டீங்க, சொன்னேன் என்றேன். அந்த வெல்டர் முகமூடியைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

மறுநாள் என் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். சரி, முடிந்தது என்று நினைத்து இருமல் போய்த் தட்டியிருக்கிறார். கீழே இருந்து பைப் பிட்டர் அக்கா இருக்கேன் என்றாளாம். அதற்கு அடுத்த நாள் கேபிள் இழுக்கிறவர்கள். ஒருநாள் பெயின்டர் அண்ணன் தூங்கிப்போய்விட்டார், தட்டினதற்குக் குறட்டைதான் வந்தது, குறட்டையும் பதில்தான்யா, ஆள் இல்லாமலா குறட்டை வருது என்று மற்ற பெயின்டர்கள் இருமலிடம் சண்டைக்குப் போனார்களாம். நான் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். வாசலில் நிற்க பாஸ் வேண்டாம்.

இப்போது உனக்குக் கோபம் வரப்போகிற விஷயம். நேற்று இருமல் வீட்டுக்கு வந்தார். நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, ரொம்ப நேரம் இருமினார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என் பாஸ் திரும்பி வருமாம். அதோடு மேலே பேசி உன்னைக் கரை வேலைக்கு மாற்றிவிடுவார்களாம். உன் பையன்தானே உனக்கு முக்கியம், அவனைக் கரையிலயே உக்கார வச்சிடலாம்மா என்றார். அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்தார். பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிடம் எனக்கும் சரி என்று சொல்லிவிடத் தோன்றியது. பிறகு கேட்டேன், அந்தப் படுக்கையைக் காலியாவா விடுவீங்க அண்ணே? அவர் இருமவில்லை. வேற யாராவது வருவாங்க என்றார். அந்த வேற யாராவதுக்கும் வீட்டில் ஒருத்தி தட்டு கழுவிக்கொண்டுதானே இருப்பாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல், உனக்கும் சேர்த்து. கத்துவதானால் கத்து, மன்னிப்புக் கேட்க மாட்டேன். உனக்கு மேலே இருப்பவர்கள் முறைத்தால், எங்கம்மா அப்படித்தான் சார் என்று சொல். அது பொய்யும் இல்லை.

தங்கச்சி பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி போன் பார்க்கிறாள். ஈர சாக்ஸோடு திரியாதே, கால் புண்ணாகும். நெடுநாள் நன்றாக இரு, கூட இருக்கிறவர்களும் நன்றாக இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. கப்பலில் ஏறின முதல் நாள், பையைக் கீழே வைப்பதற்கு முன் தலைக்கு மேலே பார். மூடி திறந்தால் எனக்கு ஒரு வரி எழுது. திறக்கவில்லை என்றால் எழுதாதே, தட்டு. பக்கத்துப் படுக்கைக்காரனையும் தட்டச் சொல். மேலே இருப்பவர்கள் உள்ளே ஆள் இருக்கா என்று கேட்கும்வரை தட்டுங்கள்.

இப்படிக்கு,
கேட்டுக்கு வெளியே நின்றாலும் உள்ளேதான் இருக்கிற
உன் அம்மா