ஜப்தி கப்பலின் பொறுப்பாளி

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நன்றாகவே இருக்கிறேன். நீயும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறு நினைப்பில்லை. வாயாடி என்று எழுதியதற்குச் சண்டை போடுவதானால் போடு. இப்போதெல்லாம் போனில் "சரிங்க", "வெச்சிடவா" என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து ஒன்றும் வருவதில்லை.

திங்கட்கிழமை கோர்ட் முடிந்ததும் கிளம்பிவிடுவேன், உன் ஆபரேஷனுக்கு முன்னால் வந்து நிற்பேன் என்று சொல்லியிருந்தேன். நான் வரவில்லை. செவ்வாய்க்கிழமை இதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். மார்பில் இருக்கும் கட்டியை எடுத்துப் பார்த்தால்தான் எதுவும் தெரியும் என்று டாக்டர் சொன்னதை நீ சொன்னாய். நான் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

முதலிலிருந்தே சொல்கிறேன். உன் அண்ணன் கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டுமே. நான் இங்கே இன்னொரு குடும்பம் வைத்திருப்பதாக அவர் சொல்லித் திரிவது என் காதுக்கும் எட்டியது. வைத்திருப்பது துருப்பிடித்த ஒரு கப்பல்தான். கட்டிக்கொண்டவன் விட்டுவிட்டு ஓட முடியாது என்பது மட்டும் குடும்பம் மாதிரி.

கோதுமை ஏற்றிக்கொண்டு இந்தத் துறைமுகத்துக்கு வந்தோம் இல்லையா, வந்து கட்டிய மறுநாளே கோர்ட் ஆள் ஏறி வந்து, கப்பல் ஓட்டும் அறையின் கண்ணாடியில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார். கப்பலுக்கு எண்ணெய் விற்றவர் போட்ட வழக்கு. முதலாளி பாக்கியைத் தரவில்லை, அதனால் கப்பல் ஜப்தி. உள்ளே இருக்கும் கோதுமை என்னுடையது, முதலாளியின் கடனுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று மாவு மில்காரர் இன்னொரு வழக்குப் போட்டார். முதலாளி போனை அணைத்துவிட்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நாங்கள் மத்தளத்துக்கு உள்ளே உட்கார்ந்திருந்தோம்.

ஜப்தியான கப்பலுக்கு ஒருவர் பொறுப்பாளியாக இருந்தே தீர வேண்டும் என்பது இங்கே சட்டம். கப்பல் மூழ்கினாலும் எரிந்தாலும் கோர்ட் அவரைத்தான் கேட்கும். வழக்கு முடிகிறவரை அவர் இந்த நாட்டை விட்டு நகர முடியாது. முதலில் கேப்டன் பெயர்தான் இருந்தது. அவருக்கு நெஞ்சுவலி வந்து ஊருக்கு அனுப்பியபோது, அவருக்கு அடுத்த அதிகாரி என்று என் பெயரை எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போடும்போது அது ஏதோ சடங்கு என்றுதான் நினைத்தேன்.

கோதுமை உள்ளேயே புழுங்கி முளைவிட ஆரம்பித்தது. புளித்த வாடை படுக்கைவரை வந்தது. அதற்குப் பிறகுதான் நீதிபதிக்கு அவசரம் வந்து, சரக்கை மில்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார். லாரிகள் வந்தன. கொஞ்ச நாள் தளமெல்லாம் ஆட்கள், அதட்டல், சிரிப்பு, தூசி. பாரம் இறங்க இறங்கக் கப்பல் மேலே எழும்பியது. எங்களுக்கும் விடிந்துவிட்டது என்று சமையல்காரர் கடைசியாக இருந்த சர்க்கரையில் பாயசம் வைத்தார். ஆனால் வந்த தீர்ப்பு சரக்குக்கு மட்டும்தான். கோதுமைக்கு விடுதலை, கப்பலுக்கு இல்லை. மற்றவர்கள் போகலாம், பொறுப்பாளி மட்டும் இருக்க வேண்டும் என்றார்கள்.

சமையல்காரரும் இன்ஜின் அறை ஆட்களும் போய்விட்டார்கள். நானும் பம்ப் பார்க்கிறவரும் மிச்சம். அவரைக் கப்பலில் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கும் மாமாதான், ஆனால் அவர் என்னை சார் என்பார். அவருக்குச் சர்க்கரை வியாதி. குதிகாலில் ஒரு புண் ஆறவே மாட்டேன் என்கிறது. அவர் போயிருக்க வேண்டியவர். போகாமல் என் முன்னால் வந்து நின்று, "நீங்க கெளம்புங்க சார். என் பேரைப் போட்டுக்கச் சொல்லுங்க. வீட்டைப் பூட்டிட்டு வந்தவன் நான், கதவைத் தெறக்க உள்ள ஆளா இருக்கு?" என்றார்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கே எங்கள் வக்கீலிடம் பேசினேன். பெட்டியும் கட்டினேன். உனக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொன்னது அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டுதான்.

திங்கட்கிழமை கோர்ட்டில் மாமாவுக்கு நாற்காலி போட்டார்கள். நீதிபதிக்கு முன்னால் உட்காருவதா என்று அவர் ஒரு காலில் பாரம் கொடுத்து நின்றார். நீதிபதி அம்மா நம் சின்ன அத்தை வயது இருப்பார். வழக்கு முடிகிறவரை நீங்கள் ஊருக்குப் போக முடியாது, தெரியுமா என்று கேட்டார். மொழிபெயர்க்கிறவர் சொல்லி முடிப்பதற்குள் மாமா, "சரிங்கம்மா" என்றார். எப்போது முடியும் என்று என்னாலும் சொல்ல முடியாது, அதுவும் தெரியுமா என்று கேட்டார். அதற்கும், "சரிங்கம்மா." பிறகு என்னைப் பார்த்து, உங்களுக்குச் சம்மதமா என்றார்.

நான் வேண்டாம் என்றேன். என் பெயரே இருக்கட்டும் என்றேன்.

ஏன் என்று கேட்காதே. யோசித்துச் சொன்னதில்லை. பெரிய மனது என்றும் நினைக்காதே, அந்த நேரத்தில் எனக்கு மனது என்று ஒன்று இருந்ததாகவே நினைவில்லை. மாமாவின் செருப்பில், குதிகால் பக்கம், ஈரமாக இருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் வக்கீல், "இன்னொரு தடவை மனு போட்டா கேப்பாங்களான்னு எனக்கே தெரியாது" என்று கோபித்துக்கொண்டார். அவர் எங்களுக்காகப் பீஸ் வாங்காமல் வாதாடுகிறவர், கோபிக்க உரிமை உண்டு. கப்பலுக்குத் திரும்பும் வழியெல்லாம் மாமா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார். எனக்கும் அழுகை வரும் என்று காத்திருந்தேன். பசிதான் வந்தது. போய் ரொட்டி தின்றேன்.

இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது. உன்னை நினைத்தால் உள்ளே ஏதாவது வலிக்க வேண்டும். மரத்துப்போன காலைக் கிள்ளுகிற மாதிரி நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. காலையில் அடியறையில் ஊறும் தண்ணீரை இறைக்கிறேன். கயிறுகளைப் பார்க்கிறேன். மத்தியானம் ஜெனரேட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிறேன். காலிக் கப்பல், ஒரு தும்மல் போட்டால் சரக்கறை திருப்பித் தும்முகிறது.

பெரியவளின் பரீட்சை முடிந்ததா? சின்னவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாயே, தள்ளிப்போடாதே. ஆஸ்பத்திரியில் உன் தங்கை கூட இருப்பாள்தானே? இரண்டு நாள் முன்னாலேயே அவளை வரச் சொல்.

இந்தக் கடிதத்தை மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் ஊருக்குப் போகிற வழியில் இறங்கி உன் கையில் தந்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறார். உன் ஆபரேஷன் விஷயம் அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரை இங்கிருந்து கிளப்பியிருக்க முடியாது. நீயும் மூச்சு விடாதே, பிள்ளைகளிடமும் சொல்லி வை. வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டால் இல்லை என்று சொல்.

அவரைப் பார்த்ததும் உனக்குக் கோபம் வரும். இந்த ஆள் இடத்தில் என் புருஷன் நின்றிருக்க வேண்டும் என்று தோன்றும். தோன்றட்டும். எல்லாவற்றையும் என்மேல் காட்டு, அவர் முன்னால் மட்டும் வேண்டாம். உட்கார வை. சாப்பிடாமல் அனுப்பாதே. அந்தக் காலை நல்ல டாக்டரிடம் காட்டச் சொல்.

மயக்கம் தெளிந்து கண் திறக்கும்போது என்னைத் தேடாதே. பக்கத்தில் உன் தங்கை இருப்பாள், அவள் கையைப் பிடித்துக்கொள். கட்டியை எடுத்துப் பார்த்து அவர்கள் எது சொன்னாலும் எனக்கு அப்படியே சொல்லச் சொல்.

நன்றாக இரு. எப்படியாவது இரு. நான் வருகிறவரை இருந்துகொண்டே இரு.

உன் வீட்டுக்காரன்