நீமாவின் அம்மாவுக்கு ஊர் காட்டியது

மார்ச் 4, செவ்வாய்

நீமாவின் அம்மா இன்று காலை வந்து சேர்ந்தார். திரும்பிப் போக இரண்டு டிக்கெட் எடுத்து வந்திருக்கிறார். ஒன்று அவருக்கு. இன்னொன்று மகளுக்கு.

நீமா எங்கள் மாடி அறையில் ஒன்றரை வருடமாகக் குடியிருக்கிற தான்சானியா பெண். இங்கே விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் உணவு அறிவியல் படிக்கிறாள். அம்மா பெயர் சலோமே. என்னைப் போல அவரும் மல்லாட்டை வியாபாரிதான். கணவர் இல்லை. கிராமம் கிராமமாகப் போய் வேர்க்கடலை வாங்கி, மில்லுக்கு விற்று, ஒரே மகளைக் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறார். அனுப்பிய காசுக்கு இந்த ஊரும் படிப்பும் தகுமா என்று பார்க்க வந்திருக்கிறாராம். தகாது என்று பட்டால் பன்னிரண்டாம் தேதி மகளும் கூடவே விமானம் ஏற வேண்டியதுதான்.

அவங்க பாஷையில் மாமா என்றால் அம்மாவாம்; ஊரில் 'மாமா நீமா' என்றுதான் கூப்பிடுவார்களாம். ஒரு பொம்பளையை மாமா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. சலோமேயம்மா என்கிறேன்.

"உன்ன மாதிரியே இன்னொருத்தியா? இந்த வீடு தாங்குமா?" என்றார் என் வீட்டுக்காரர் தேவசகாயம்.

சாயந்திரம் டீ போடும்போது நீமா அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள்.

"அமலாக்கா, எனக்கு ரெண்டு பேப்பர் அரியர் கீது. அம்மாக்குத் தெரியாது. தெரிஞ்சா இன்னிக்கே பெட்டி கட்டிடும்."

"அத ஏன் இப்ப அவுத்து வுடற? நல்லத மட்டும் காட்டு. மீதிய நான் பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டேன். பெரிய யோசனைக்காரி!

மார்ச் 5, புதன்

கலெக்டர் ஆபீஸ், மூன்று மாடி ஜவுளிக்கடை, ஜங்ஷன் – எல்லாம் காட்டியாயிற்று. ஜவுளிக்கடையில் மற்றவர்கள் முந்தானையைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். இவர் புடவையைப் புரட்டிப் போட்டுப் பின்பக்கத்து நூலைப் பார்த்தார். ஜங்ஷனில் எத்தனை பிளாட்பாரம் பாருங்கள் என்று காட்டினால், "கூட்ஸ் வண்டி எங்க நிக்கும்? மூட்டை ஏத்த என்ன கூலி?" என்று மகளை விட்டுக் கேட்கிறார். இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. இது சாதாரணப் பொம்பளை இல்லை.

ஆனால் முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. நீமாதான் வாய் ஓயாமல் புகழ்ந்துகொண்டு வந்தாள், கடைக்காரன் மாதிரி.

மார்ச் 6, வியாழன்

புதுச்சேரி கடற்கரை. கடல் அவங்க நாட்டிலும் இருக்கிறதாம்.

மார்ச் 7, வெள்ளி

இன்று திண்டிவனம் மார்க்கெட்டில் எனக்கு ஏலம். நானும் வருவேன் என்று சலோமேயம்மா வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நீமா பின்னால் ஓடி வந்தாள்.

ஒரு குவியலருகே நின்றோம். மூட்டை வாயில் முத்து முத்தாகக் காய். நான் இரண்டு எடுத்துக் காதருகே குலுக்கிக்கொண்டிருந்தேன். சலோமேயம்மா வளையலைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். முழங்கை மறைகிற வரை கையை மூட்டைக்குள் விட்டார். அடியிலிருந்து ஒரு பிடி வந்தது – பாதி சொத்தை, மீதி ஈரம். உடைத்து, தோலை விரலால் தேய்த்து, கடித்துத் துப்பினார். முந்தின குவியல் என்ன விலைக்குப் போனது என்று கேட்டுக்கொண்டு, இது அதைவிட மூட்டைக்கு ஆயிரம் ரூபாய் குறைச்சல் என்றார். நான் தொள்ளாயிரம் குறைத்துச் சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டேன். பெட்டியைத் திறந்தால், எனக்கு அடுத்து எழுதியவன் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு குறைத்திருந்தான். சலோமேயம்மா சொன்னதற்கும் அதற்கும் பத்து ரூபாய்தான் வித்தியாசம்! சரக்கு எனக்குத்தான் விழுந்திருந்தது, தொண்ணூறு ரூபாய் கூடுதலாக.

எடை போடும் பூவரசன் சிரித்துவிட்டான். "அமலாக்கா, இந்தம்மாவ இங்கியே நிறுத்திக்க. இல்லன்னா நாளைக்கு எதிர்க்கடை போட்டுடும்."

நானும் சிரித்தேன். சலோமேயம்மா சிரிக்கவில்லை. கையைத் தட்டிக்கொண்டே மகளிடம் ஏதோ சொன்னார். நீமாவின் முகம் செத்துப் போயிற்று.

"என்னடி சொல்றாங்க?"

"ஒண்ணுமில்லக்கா."

"சொல்லுடி."

"'நாலு நாளா நீ எனக்கு மூட்டை வாயத்தான் காட்டிக்கினு இருக்க. அடியில என்ன வச்சிகினு கீற?'ன்னு கேக்குது."

வாய்க்காயை அடுக்கச் சொல்லிக்கொடுத்தவளே நான்தானே? அதுவும் யாருக்கு? மூட்டையிலேயே பிழைத்தவருக்கு!

வண்டியில் திரும்பும்போது சொன்னேன்: "தப்பு என்னுது நீமா. எல்லாத்தையும் கொட்டிடு."

மார்ச் 8, சனி

கடைக்குப் போகவில்லை. மாடியில் இரண்டு மணி நேரம் பேச்சு. அவர்கள் பாஷை. 'அரியர்' ஒன்றுதான் எனக்குப் புரிந்தது. அதுவும் நாலு தடவை.

மார்ச் 9, ஞாயிறு

மாதா கோயிலுக்கு மூவரும் போனோம். சலோமேயம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு வேண்டியதுதான்.

மத்தியானம் நீமா அம்மாவை ஷேர் ஆட்டோவில் கூட்டிப் போனாள். ஒன்பது பேர் நெருக்கிக்கொண்டு போகிற ஆட்டோ, தினமும் சாப்பிடுகிற மெஸ், நோட்ஸ் ஜெராக்ஸ் எடுக்கிற கடை. இதையெல்லாம் காட்டக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன்.

இரண்டாவது டிக்கெட் இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

கல்லூரி ஆய்வுக்கூடம். நானும் போனேன். என் குடோனிலிருந்து ஒரு பிடி மல்லாட்டைப் பருப்பு கொண்டு வரச் சொல்லியிருந்தாள் நீமா. அம்மா எனக்காக ஊரிலிருந்து கொண்டு வந்ததிலும் ஒரு பிடி.

வெள்ளைக் கோட்டில் அவளை இன்றுதான் பார்க்கிறேன். மாடிப்படியில் செருப்பைத் தேடுகிற பெண்ணா இவள்? அரைத்தாள், வடித்தாள், தகட்டில் சொட்டு வைத்தாள். விளக்கை அணைத்து, நீல விளக்கைப் போட்டாள். அவங்க சொட்டு இருட்டாகவே இருந்தது. என்னுடையது மின்மினி மாதிரி பளிச்சென்றது.

"பூஞ்சை விஷம் அக்கா. கல்லீரல கெடுத்துடும். கண்ணுக்கும் தெரியாது, வாய்க்கும் தெரியாது."

நான் கையால் தேய்த்து, கடித்துப் பார்த்து வாங்கிய சரக்கு அது. சலோமேயம்மாவும் அதிலிருந்து இரண்டு எடுத்து வாயில் போட்டு, நல்ல சரக்கு என்று தலையாட்டியிருந்தார்.

அவர் நெடுநேரம் அந்த வெளிச்சத்தையே பார்த்தார். போன வருடம் அவருடைய ஒரு லாரி சரக்கைத் துறைமுகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஏன் என்று இதுவரை அவருக்கு விளங்கவில்லையாம். கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார். நீமாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, சிரிப்பும் வந்தது.

"இந்த விளக்கு என்ன விலைன்னு கேக்குதுக்கா!"

வீட்டுக்கு வந்ததும் அந்த லாட்டு மூட்டை பன்னிரண்டையும் தனியாக ஒதுக்கினேன். ஒரு மணிகூட வெளியே போகாது. நஷ்டம்தான். போகட்டும்.

மார்ச் 11, செவ்வாய்

சலோமேயம்மா நீமாவின் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்.

மார்ச் 12, புதன்

வண்டி ஏறுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டேன்: நீமாவின் புராஜெக்ட்டுக்குச் சாம்பிள் வேண்டும், எனக்குச் சோதனை வேண்டும், என் சரக்கையே பார்க்கலாமே? கல்லூரி மேடமும் சம்மதித்துவிட்டார்.

சலோமேயம்மா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சும்மாவான்னு கேக்குது" என்றாள் நீமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"படிக்கிற பொண்ணுதானேன்னு சொல்லு."

"'பொண்ணுதான் படிக்குது, அவ வேலை படிக்கல. வேலைக்குக் கூலி உண்டு'ன்னு சொல்லுது."

அரை மணி நேரம் நடந்தது. தன் விலையைத் தானே மாற்றி மாற்றி மொழிபெயர்த்த அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தேவசகாயம் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். இப்படி ஒருத்தி என்னை மடக்கி எத்தனை வருடம் ஆயிற்று! கை கொடுத்தபோது மனசு நிறைந்திருந்தது.

பேசி முடித்தது: சனிக்கிழமைதோறும் நாலு சாம்பிள். மாடி வாடகை ஐயாயிரத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு. ஞாயிறு மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். பரீட்சைக்கு முந்தின மாதம் சாம்பிள் கிடையாது, வாடகை அப்போதும் மூவாயிரத்து ஐந்நூறுதான். புதிதாக ஒரு அரியர் விழுந்தால் வாடகை பழையபடி ஐயாயிரம்.